மலிவு விலை டேப்லெட் வாங்குவோர் கடையில் பணம் கட்டுமுன் பார்க்க வேண்டியவை

2021-ஆம் ஆண்டு, பள்ளிகள் மூடிக் கிடந்த மாதங்களில், பதினோராம் வகுப்பில் சேர்ந்திருந்த என் அக்கா மகளுக்கு ஆறாயிரம் ரூபாய்க்குச் சற்றுக் கூடுதலான விலையில் ஒரு டேப்லெட் வாங்கிக் கொடுத்தேன். பெட்டியின் மேல் 4 ஜிபி ரேம், ஆக்டா கோர் பிராசசர், 10 அங்குலத் திரை என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். இரண்டு வாரம் கழித்து அவள் அழைத்து, "மாமா, டீச்சர் அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது நான் கிளாஸிலேயே இல்லைன்னு சொல்றாங்க" என்றாள். வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போதே பாடநூலின் பிடிஎஃப் கோப்பைத் திறந்து ஒரு படத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பினால், வகுப்புச் செயலி மூடிக்கொண்டு, மறுபடியும் முதலிலிருந்து திறந்து, ஆசிரியர் உள்ளே அனுமதிக்கும் வரை அவளைக் காக்க வைத்தது. அந்த இடைவெளியில் அவள் பெயரை அழைத்து முடித்துவிடுவார்கள். பெட்டியைத் திருப்பிப் பார்த்தபோதுதான் அடிப்பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்த விவரம் கண்ணில் பட்டது: ஓடும் செயலிகளைக் கையருகே வைத்திருக்கும் நினைவகமான ரேம் உள்ளே 2 ஜிபி மட்டுமே, மீதி 2 ஜிபி சேமிப்பகத்திலிருந்து எடுத்துக் கூட்டிக் காட்டிய கணக்கு.

அன்று முதல் உறவினர்களுக்கும் நண்பர்களின் பிள்ளைகளுக்கும் டேப்லெட் வாங்கும்போதெல்லாம் கூடவே சென்று பார்த்து வருகிறேன். பிள்ளையின் படிப்புக்காகப் பத்தாயிரம் முதல் பதினைந்தாயிரம் ரூபாய் வரை ஒதுக்கி வைத்திருக்கும் குடும்பத்தார் அந்தப் பணத்தை இழந்துவிடாமல் இருக்க எதை எங்கே பார்க்க வேண்டும் என்பதை அந்த அனுபவத்திலிருந்து இங்கே எழுதுகிறேன்.

விலை எங்கே இறங்கியதோ அங்கே பாருங்கள்

2010 ஏப்ரலில் ஆப்பிள் தன் முதல் ஐபேடை 499 டாலருக்கு விற்கத் தொடங்கியது. மறு ஆண்டு அக்டோபர் 5-ஆம் நாள், அப்போதைய மத்திய மனிதவள மேம்பாட்டுத் துறை அமைச்சர் கபில் சிபல் புதுதில்லியில் 'ஆகாஷ்' டேப்லெட்டை வெளியிட்டார். டேட்டாவிண்ட் நிறுவனம் உருவாக்கிய அந்தக் கருவி 35 டாலர் கணினி என்று உலகெங்கும் பேசப்பட்டது. 7 அங்குலத் திரையும் 366 மெகாஹெர்ட்ஸ் பிராசசரும் 256 எம்பி ரேமும் அதில் இருந்தன. திரையோ, விரல் பட்டதை உணரும் வகையன்று. அழுத்தினால்தான் உணரும் வகை. ஐபேடின் விலையில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக ஒரு கருவியைக் கொடுக்க வேண்டுமென்றால் எதையெல்லாம் குறைக்க வேண்டியிருக்கும் என்பதற்கு ஆகாஷ் ஒரு திறந்த புத்தகம்: திரை, பிராசசர், ரேம், பேட்டரி. பதின்மூன்று மாதம் கழித்து 2012 நவம்பரில் வந்த ஆகாஷ் 2, தொட்டாலே உணரும் திரையும் 1 ஜிகாஹெர்ட்ஸ் பிராசசரும் 512 எம்பி ரேமும் கொண்டிருந்தது.

இடைப்பட்ட காலத்தில் சந்தையே மாறிப்போயிருந்தது. சீனத்தின் ஆல்வின்னர், ராக்சிப், தைவானின் மீடியாடெக் போன்ற நிறுவனங்கள் சிப்பை மட்டும் விற்காமல், அதைப் பொருத்தும் பலகையின் வடிவமைப்பையும் அதில் ஓடும் ஆண்ட்ராய்டு மென்பொருளையும் சேர்த்தே கொடுத்ததால், ஷென்ஜென் நகரத்துத் தொழிற்சாலை எதுவும் சில வாரங்களில் ஒரு டேப்லெட்டை உருவாக்கி, கேட்பவர் பெயரை அதன் முதுகில் அச்சிட்டு அனுப்ப முடிந்தது. அமேசான் 2011-இல் கிண்டில் ஃபயரையும், கூகுள் 2012-இல் நெக்சஸ் 7-ஐயும் 199 டாலருக்குக் கொண்டுவந்தன. கருவியை அடக்க விலைக்கே கொடுக்கிறோம், அதில் வாங்கும் புத்தகத்திலும் படத்திலும்தான் எங்களுக்கு வருமானம் என்ற பொருளில் ஜெஃப் பெசோஸ் 2012-இல் வெளிப்படையாகவே சொன்னார். இந்தியாவில் அதே ஆண்டு மைக்ரோமேக்ஸ் தன் ஃபன்புக்கை 6,499 ரூபாய்க்கு விற்றது. பின்னர் பெரிய திரையுள்ள கைபேசிகள் வந்து இந்தச் சந்தையைப் பல ஆண்டுகள் முடக்கிப்போட்டன. 2020-இல் தொடங்கிய இணைய வகுப்புகள்தான் அதற்கு மறுபடி உயிர் கொடுத்தன. 2021-இல் ரியல்மீ, 2022-இல் ரெட்மி, ஒப்போ, 2023-இல் ஒன்பிளஸ் என்று கைபேசி நிறுவனங்கள் வரிசையாக இந்திய டேப்லெட் சந்தைக்குள் நுழைந்தன.

இந்தப் போட்டியால் வாங்குபவருக்கு உண்மையாகவே நன்மை விளைந்திருக்கிறது. பதினைந்தாயிரம் ரூபாய்க்கு இன்று கிடைக்கும் 11 அங்குலத் திரை பத்தாண்டுக்கு முன் எண்ணிப் பார்க்க முடியாதது. ஆனால் விலையை இறக்க இறக்கத் தயாரிப்பாளர் எங்கேயாவது சிக்கனம் செய்தாக வேண்டும். வாங்குபவர் கண்ணில் படும் இடத்தில் அவர் கை வைக்க மாட்டார். திரையின் அங்குலத்தையும் கேமராவின் மெகாபிக்சலையும் உலோக முதுகையும் விட்டுவிட்டு, ரேமிலும் பிராசசரின் வகையிலும் திரையின் நுணுக்கத்திலும் சேமிப்பகத்தின் வேகத்திலும் மென்பொருள் புதுப்பிப்பிலும்தான் குறைப்பார். ஆகவே உங்கள் கண்ணும் அங்கேதான் இருக்க வேண்டும்.

ரேமும் பிராசசரும்

விளம்பரத்தில் "8 ஜிபி வரை" என்று கண்டால் அந்த "வரை" என்ற சொல்லிலேயே நின்றுவிடுங்கள். பெரும்பாலும் 4 ஜிபி உண்மையான ரேமும், சேமிப்பகத்தில் ஒதுக்கிய 4 ஜிபியும் சேர்ந்த கூட்டுத்தொகையாகவே அது இருக்கும். சேமிப்பகம் ரேமைவிட மிகவும் மெதுவானது. அதை ரேமாகப் பயன்படுத்துவது, மேசை மேல் இடமில்லாததால் புத்தகத்தைப் பரணில் வைத்து ஒவ்வொரு முறையும் ஏணி போட்டு எடுப்பதற்குச் சமம். பெருக்கிக் காட்டாத உண்மையான ரேம் 4 ஜிபி என்பதை இன்றைய நிலையில் கீழ் எல்லையாகக் கொள்ளுங்கள். வகுப்பு ஒரு பக்கம், பாடநூல் மறுபக்கம் என்று திரையைப் பிரித்து வைத்துப் படிக்கும் மாணவருக்கு 6 ஜிபி இருந்தால் நல்லது. 2 ஜிபி, 3 ஜிபி கருவிகளை எவ்வளவு தள்ளுபடியில் கொடுத்தாலும் படிப்புக்கென்று வாங்காதீர்கள் என்று உறுதியாகச் சொல்வேன்.

'ஆக்டா கோர்' என்பது பிராசசருக்குள் எட்டுக் கோர், அதாவது கணக்குப் போடும் அலகுகள், இருக்கின்றன என்று மட்டுமே சொல்கிறது. அவை எந்த வகை என்று சொல்வதில்லை. சிப் வடிவமைக்கும் ஆர்ம் நிறுவனம் 2012-இல் அறிவித்த கார்டெக்ஸ் ஏ53 என்ற சிக்கன வகைக் கோர் எட்டைச் சேர்த்தாலும் ஆக்டா கோர்தான். மீடியாடெக்கின் ஹீலியோ பி22டி அப்படிப்பட்டது. அதே நிறுவனத்தின் ஹீலியோ ஜி99-இல் ஆறு சிக்கனக் கோர்களோடு, வேலைப் பளு கூடும்போது இழுத்துக்கொண்டு ஓடக்கூடிய கார்டெக்ஸ் ஏ76 வகைக் கோர் இரண்டு இருக்கின்றன. குவால்காமின் ஸ்னாப்டிராகன் 680-இல் ஏ73-ஐ அடிப்படையாகக் கொண்ட நான்கு பெரிய கோர்கள் இருக்கின்றன. கடைக்குப் போகும் முன் பிராசசரின் பெயரை இணையத்தில் தேடி, அதில் ஏ73, ஏ75, ஏ76 போன்ற பெரிய கோர் ஒன்றிரண்டாவது இருக்கிறதா என்று பாருங்கள். பிராசசரின் பெயரையே சொல்லாமல் "அதிவேக ஆக்டா கோர்" என்று மட்டும் எழுதியிருக்கும் கருவியை அந்த இடத்திலேயே ஒதுக்கிவிடலாம்.

சேமிப்பகத்தில் 64 ஜிபிக்குக் கீழே இறங்க வேண்டாம். 32 ஜிபியில் ஆண்ட்ராய்டும் உடன் வரும் செயலிகளும் கணிசமான இடத்தைப் பிடித்துக்கொள்ளும். 128 ஜிபி கிடைத்தால், அதோடு இஎம்எம்சிக்குப் பதிலாக யுஎஃப்எஸ் வகைச் சேமிப்பகமும் கிடைத்தால், சில நூறு ரூபாய் கூடக் கொடுப்பது தகும், ஏனென்றால் யுஎஃப்எஸ் சில மடங்கு வேகமானது; செயலி திறக்கும் ஒவ்வொரு முறையும் அந்த வேறுபாடு தெரியும்.

திரையில் தமிழ் படிக்க முடிகிறதா

இந்த ஒன்றைப் பெரும்பாலோர் சோதிப்பதே இல்லை. 10.1 அங்குலத் திரையில் 1280-க்கு 800 புள்ளிகள் இருந்தால் ஓர் அங்குலத்துக்கு ஏறத்தாழ 149 புள்ளிதான் வரும். அதே அளவுத் திரையில் 1920-க்கு 1200 இருந்தால் 224 வரும். எழுத்தின் ஓரம் நேர்க்கோடுகளாலும் எளிய வளைவுகளாலும் ஆன மொழிக்கு முந்தையது போதுமானதாக இருக்கலாம். தமிழில் 'ணி'க்கும் 'ணீ'க்கும் இடையே இருப்பது மேலே ஒரு சிறு சுழிதான். மெய்யெழுத்தின் புள்ளியும் அப்படித்தான். புள்ளி குறைந்த திரையில் ஒரு முழுப் பக்கத்தையும் வைத்துப் பார்த்தால் அந்தச் சுழி கரைந்து, பிள்ளை ஒவ்வொரு பத்தியையும் விரலால் பெரிதாக்கி, பக்கவாட்டில் இழுத்து, மறுபடி சிறிதாக்கிப் படிக்க வேண்டியிருக்கும். ஒரு மணி நேரம் அப்படிப் படித்தால் கண்ணும் கையும் சோர்ந்துபோகும்.

ஆகவே கடைக்குச் செல்லும் முன், தமிழ்நாட்டுப் பாடநூல் கழகத்தின் பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல் நூலின் பிடிஎஃப் கோப்பை உங்கள் கைபேசியில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். கடையில் காட்சிக்கு வைத்திருக்கும் டேப்லெட்டைக் கைபேசியின் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து, அந்தக் கோப்பை அதற்கு அனுப்பித் திறக்கச் சொல்லுங்கள். சமன்பாடுகள் நிறைந்த ஒரு பக்கத்தைப் பெரிதாக்காமல் அப்படியே, பிள்ளை பிடிக்கும் தூரத்தில் பிடித்து வாசியுங்கள். அடிக்குறியாக இருக்கும் சின்ன எண்கள் தெளிவாகத் தெரிய வேண்டும். பிறகு இருபது பக்கங்களை விரைவாகத் தள்ளிவிட்டு நிறுத்துங்கள். நின்ற பக்கம் வெள்ளையாகவே இருந்து மெல்ல மெல்ல நிரம்பினால், பிராசசரோ சேமிப்பகமோ திணறுகிறது என்று பொருள். அடுத்து ஒரு காணொளியை ஓடவிட்டு, பிடிஎஃப்புக்கு வந்து, இணைய உலாவியில் இரண்டு பக்கங்களைத் திறந்து, மறுபடி காணொளிக்குப் போங்கள். விட்ட இடத்தில் தொடர்ந்தால் ரேம் போதும். முதலிலிருந்து திறந்தால் போதாது. என் அக்கா மகளுக்கு நேர்ந்தது இதுதான், அதைக் கடையில் நின்று ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்திருக்கலாம். கடைசியாகத் திரையைச் சாய்த்துக் கீழிருந்து மேலாகப் பாருங்கள். நிறங்கள் தலைகீழாக மாறி முகங்கள் கறுத்துத் தெரிந்தால் அது எந்தக் கோணத்திலும் நிறம் மாறாத ஐபிஎஸ் வகைத் திரையன்று, வேண்டாம். கடை வாசல் வரை எடுத்துப் போய் வெளிச்சத்தில் பார்க்க விற்பனையாளர் அனுமதித்தால் அதையும் செய்யுங்கள். பெரும்பாலோர் அனுமதிக்கிறார்கள், பணிவாகக் கேட்டால் போதும்.

அளவைப் பொறுத்தவரை, 8.7 அங்குலக் கருவி 330 கிராம் அளவிலும் 11 அங்குலக் கருவி 480 கிராம் அளவிலும் இருக்கும். படுத்துக்கொண்டு கதை படிக்கும் பெரியவருக்குச் சிறியதும், பாடநூலை முழுப் பக்கமாக விரித்துப் படிக்கும் மாணவருக்குப் பெரியதும் பொருந்தும். திரைப்படங்களை இணையத்தில் பார்க்கும் எண்ணமிருந்தால், கருவியில் படங்களைத் திருட்டு நகலிலிருந்து காக்கும் வைட்வைன் பூட்டின் எல்1 சான்று இருக்கிறதா என்று கேளுங்கள். எல்3 மட்டும் இருந்தால் நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்கள் எவ்வளவு நல்ல திரையிலும் தரம் குறைந்த படத்தையே காட்டும். பின்பக்கக் கேமரா எத்தனை மெகாபிக்சல் என்பதற்கெல்லாம் நேரம் செலவிட வேண்டியதில்லை. வீட்டில் வைஃபையோ ஹாட்ஸ்பாட் தரும் கைபேசியோ இருந்தால் சிம் போடும் மாதிரிக்குக் கூடுதல் பணமும் வேண்டியதில்லை.

பேட்டரிக்கு ஒரு சிறு கணக்கு உண்டு. 7000 மில்லி ஆம்பியர் மணி என்பது ஏறத்தாழ 27 வாட் மணி ஆற்றல். பெட்டியில் 10 வாட் சார்ஜர் கொடுத்திருந்தால், இழப்பும் கடைசியில் மெதுவாக ஏறுவதும் சேர்ந்து முழுதாக நிரம்ப மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். காலையில் மின்சாரம் போய்ப் போய் வரும் ஊர்களில் 15 வாட்டுக்கு மேல் ஏற்றுக்கொள்ளும் கருவியைத் தேடுவது நல்லது. சார்ஜரே பெட்டிக்குள் இல்லாத மாதிரிகளும் இப்போது வருகின்றன. அந்தச் செலவையும் விலையோடு கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெயர் தெரியாத மலிவும் பாதுகாப்பும்

மென்பொருள் புதுப்பிப்பைப் பற்றி விற்பனையாளர்கள் தாமாகப் பேசுவதில்லை. நீங்கள்தான் கேட்க வேண்டும். அமைப்புகள் பகுதியில் 'டேப்லெட்டைப் பற்றி' என்ற இடத்தில் ஆண்ட்ராய்டு பதிப்பைத் தொட்டால், கடைசிப் பாதுகாப்புப் புதுப்பிப்பு எந்த மாதத்தது என்று காட்டும். கடையில் இருக்கும் புதுக் கருவியிலேயே அது ஓராண்டுக்கு மேல் பழையதாக இருந்தால், வாங்கிய பின் புதிதாக எதுவும் வரும் என்று எதிர்பார்க்க முடியாது. எத்தனை ஆண்டு பாதுகாப்புப் புதுப்பிப்பு தருவோம் என்று நிறுவனம் தன் தளத்தில் எழுத்தில் சொல்லியிருந்தால் அதை விலையின் ஒரு பகுதியாகவே எண்ணுங்கள். 12,000 ரூபாய்க் கருவி நான்கு ஆண்டு ஓடினால் ஆண்டுக்கு 3,000 ரூபாய். 7,000 ரூபாய்க் கருவி ஒன்றரை ஆண்டில் பயனற்றுப் போனால் ஆண்டுக்கு 4,600 ரூபாய்க்கு மேல்.

கேள்விப்படாத பெயரில் இணையத்தில் வரும் மிக மலிவான கருவிகளில் இன்னொரு ஆபத்து உண்டு. பேட்பாக்ஸ் என்று பெயரிடப்பட்ட தீநிரல், மலிவான ஆண்ட்ராய்டு டிவி பெட்டிகளிலும் டேப்லெட்டுகளிலும் தொழிற்சாலையை விட்டு வரும்போதே புகுத்தப்பட்டிருப்பதைப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் 2023-இல் வெளிப்படுத்தினார்கள். அதன் அடுத்த வடிவத்தைப் பற்றி அமெரிக்காவின் எஃப்பிஐ 2025 ஜூன் மாதம் பொதுமக்களை எச்சரித்தது. பிள்ளையின் கையில் கொடுக்கும் கருவி, வீட்டு இணைய இணைப்பையே அயலாருக்கு வாடகைக்கு விடும் கருவியாக இருந்துவிடக் கூடாது. இதற்கான முதல் சோதனை எளிது. பிளே ஸ்டோரைத் திறந்து, உங்கள் படத்தைத் தொட்டு, அமைப்புகளில் 'அறிமுகம்' பகுதிக்குப் போனால், கூகுளின் பிளே புரொடெக்ட் சான்று பெற்ற கருவியா இல்லையா என்று அங்கே எழுதியிருக்கும். சான்று இல்லையென்றால் உடனே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அதோடு, 2012-இல் மத்திய அரசு கொண்டுவந்த கட்டாயப் பதிவு முறையின் கீழ் டேப்லெட்டும் வருவதால், பெட்டியிலோ கருவியின் முதுகிலோ இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் முத்திரையும் 'ஆர்' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். அந்த எண்ணைப் பிஐஎஸ் கேர் செயலியில் இட்டால் எந்த நிறுவனத்தின் எந்தப் பொருளுக்குக் கொடுத்தது என்று தெரியும். கையில் இருக்கும் கருவியின் பெயரோடு அது ஒத்துப்போக வேண்டும்.

திடீரென்று பாதிக்குப் பாதி விலை இறங்கும் கருவியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 2011 ஜூலையில் 499 டாலருக்கு வந்த எச்பி டச்பேட், 49 நாளில் கைவிடப்பட்டு 99 டாலருக்கு வாரி இறைக்கப்பட்டது. வாங்கியவர்களுக்கு நல்ல வன்பொருள் மலிவாகக் கிடைத்தது. ஆனால் அதில் ஓடிய வெப்ஓஎஸ் இயங்குதளத்துக்குப் புதிய செயலி எழுத ஆளில்லாமல் போயிற்று. ஆகவே பெருந்தள்ளுபடியைக் கண்டால் பெட்டியில் அச்சிட்டிருக்கும் தயாரிப்பு மாதத்தையும் ஆண்டையும் பாருங்கள். இரண்டு ஆண்டு பெட்டிக்குள்ளேயே கிடந்த கருவி என்றால் அதன் பேட்டரியும் மூத்துப்போயிருக்கும், புதுப்பிப்புக் காலமும் பாதி கழிந்திருக்கும்.

பதினைந்தாயிரத்துக்குள் மனம் நிறைவாக ஒன்றும் அமையவில்லையென்றால், நம்பகமான இடத்தில் உத்தரவாதத்தோடு கிடைக்கும் பழைய கருவியைப் பாருங்கள் என்பதே என் யோசனை. 2021-இல் வெளிவந்த ஒன்பதாம் தலைமுறை ஐபேட், 2025-இல் வந்த ஐபேடுஓஎஸ் 26 இயங்குதளத்தையும் ஏற்கிறது; அவ்வளவு நீண்ட ஆயுள் உள்ள புதிய மலிவுக் கருவி அரிது. பழையதை வாங்கும்போது முந்தைய உரிமையாளர் தம் கணக்கை முழுவதும் நீக்கி, உங்கள் கண் முன்னே கருவியை அழித்துத் தொடக்க நிலைக்குக் கொண்டுவர வேண்டும். இல்லையேல் அவருடைய கடவுச்சொல் இல்லாமல் அது திறக்காது. சிம் போடும் மாதிரியாக இருந்தால், *#06# அழுத்தியோ அமைப்புகளில் பார்த்தோ கருவியின் தனி அடையாளமான ஐஎம்இஐ எண்ணை எடுத்து, மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் அது முடக்கப்பட்ட எண்ணா என்று சரிபாருங்கள்.

புதியதோ பழையதோ, பணம் கட்டுமுன் உங்கள் ஊரில் பழுது பார்ப்பவரிடம் அந்த மாதிரிக்கு டிஸ்ப்ளே காம்போ, அதாவது திரையும் தொடு கண்ணாடியும் சேர்ந்த உதிரிபாகம், கிடைக்குமா, என்ன விலை என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். மின்னணுக் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெரு வரை தேடியும் உதிரிபாகம் கிடைக்காத பெயரில் வாங்கிய கருவி, ஒரு முறை கீழே விழுந்தால் அதோடு முடிந்தது.

ரசீது இல்லாமல் விலை குறைத்துத் தருகிறேன் என்பவரிடம் வாங்காதீர்கள். 18 சதவீத ஜிஎஸ்டியோடு, கருவியின் வரிசை எண் குறித்த ரசீதைக் கேட்டுப் பெறுங்கள். இணையத்தில் வாங்கினால் பெட்டியைப் பிரிப்பதை முதலிலிருந்து கைபேசியில் படம் பிடித்து, மேலே சொன்ன சோதனைகளைத் திருப்பிக் கொடுக்கும் கெடு முடியும் முன்பே செய்து, ஒரு பெரிய காணொளித் தொகுப்பைச் சேமிப்பகம் ஏறத்தாழ நிறையும் வரை ஏற்றி, கடைசிக் கோப்பும் சரியாக ஓடுகிறதா என்று பாருங்கள். அளவைப் பொய்யாகக் காட்டும் சேமிப்பகம் இந்த இடத்தில் அகப்பட்டுவிடும். பெட்டியில் சொன்னது உள்ளே இல்லையென்றால் விற்றவருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். அவர் அசையாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதியலாம். அதற்கும் தீர்வு வராவிட்டால், 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை நாடலாம். பொருளுக்காகக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளுக்கு அங்கே கட்டணம் எதுவும் கிடையாது.